தட்டு மாற்றிய நேரத்தில் எடுத்த படங்கள்

செங்கல்பட்டு,
ஜனவரி 10.

அன்புள்ள உங்களுக்கு,

ராஜம் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். அங்கே குளிர் எப்படி, பல்வலி எப்படி, கொடுத்தனுப்பிய பருப்புப்பொடி தீர்ந்துவிட்டதா என்பதற்கெல்லாம் எனக்குப் பதில் வேண்டும். போனில் கேட்டால் மூன்றாவது கேள்விக்குள் உங்களுக்கு சிக்னல் போய்விடுகிறது. கல்யாணப் பேச்சை எடுத்தால் முதல் கேள்விக்கே போய்விடுகிறது. அதனால்தான் லாட்ஜ் விலாசத்துக்கு ஸ்பீட் போஸ்ட். கையெழுத்துப் போட்டு வாங்கவேண்டும், வரவில்லை என்று சொல்ல முடியாது.

உப்பளத்தைப் படம் எடுக்க குஜராத் வரைக்கும் ஏன் போகவேண்டும் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. கேளம்பாக்கத்தில் இல்லாத உப்பா? பத்திரிகைக்காரர்கள் அனுப்புகிறார்கள், போகிறீர்கள், சரி. ஆனால் பெண்ணின் நிச்சயதார்த்தம் முடிந்த மறுநாள் விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினீர்களே, அது என்ன அவசரம் என்று ஒரு மாதமாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

கல்யாண வேலைகள் குறைவில்லாமல் நடக்கின்றன. மாமல்லபுரம் மண்டபத்தில் கடல்காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, ஹோமம் அணைந்துவிடுமே என்றேன். கிழக்கு ஜன்னல்களை அடைத்துத் தருவதாக மேனேஜர் சொல்லியிருக்கிறார். தை இருபத்தைந்துக்கு இன்னும் நான்கே வாரம்தான் இருக்கிறது.

போன வாரம் கருங்குழியிலிருந்து மாப்பிள்ளை அத்வைத்தின் அத்தை பேசினார். போனில் அனுப்புகிற அழைப்பிதழ் வீடியோவை அவர்தான் செய்கிறாராம், இரண்டு பக்கத்துப் பெற்றோர் படமும் வேண்டுமாம். "அன்னிக்குத் தட்டு மாத்தினாரே, லேசா வழுக்கையா, சிரிச்ச முகமா, அவர் படம்தான் வேணும்" என்று உங்களுக்கு அடையாளமும் சொன்னார். அது உங்கள் தம்பி கிச்சா என்றேன். அப்படியானால் பெண்ணின் அப்பா எங்கே இருந்தார் என்று கேட்டார். அங்கேதான் இருந்தார் என்றதற்கு, "ஐயோ, அவரைக் கூலிக்கு வந்த போட்டோகிராபர்னு நினைச்சு, சாப்பிட்டீங்களான்னு கேட்டேனே!" என்று பதறிப்போய்விட்டார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. போனை வைத்த பிறகு அழுதேன்.

அன்று சாஸ்திரிகள் லக்னப் பத்திரிகை வாசித்துவிட்டு, பெண்ணின் தகப்பனார் வரலாம் என்று மூன்று தடவை கூப்பிட்டார். நீங்கள் கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்கவேயில்லை. நல்ல நேரம் முடிகிறதே என்று தட்டைக் கிச்சா கையில் கொடுத்துவிட்டார்கள். அவன் இன்னும் என் முகத்தைப் பார்ப்பதில்லை. "நான் என்ன மன்னி பண்ணுவேன், கையில திணிச்சுட்டா" என்று வருகிறபோதெல்லாம் புலம்புகிறான்.

நம் பெண் விஷாகா அன்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கல்யாணத்துக்கு வேறு ஆள் வேண்டாம், படம் நானே எடுக்கிறேன் என்று நீங்கள் செய்தி அனுப்பினீர்களே, அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அப்போ என்னைத் தாரை வார்த்துக் கொடுக்கவும் சித்தப்பாவே உட்காரட்டும். அப்பா அவர் வேலையைப் பார்க்கட்டும்." நாளைக்குப் பால் வேண்டாம் என்று சொல்கிற மாதிரி சொன்னாள். கத்தியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

அத்தைக்குப் படம் அனுப்பவேண்டுமே. உங்களிடம் ஆறு வருஷம் வேலை பார்த்துவிட்டு இப்போது படூரில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிற ஜோயலைக் கூப்பிட்டேன். சாப்பாட்டு மேஜையில் உங்கள் ஹார்ட் டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு இரண்டு நாள் தேடினோம். லடாக் இருக்கிறது, ஒட்டகம் இருக்கிறது, நாகாலாந்துச் சந்தையில் மிளகாய் விற்கிறவர் இருக்கிறார். நீங்கள் இல்லை. "இன்னா மேடம் இது, ஊரு பூரா படம் புடிச்சாரு, அவரு மூஞ்சி ஒண்ணுகூட இல்லியே!" என்று ஜோயல் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அப்புறம் எனக்கு ஒரு ஆர்வம் வந்துவிட்டது. முகம் இல்லாவிட்டால் போகிறது, வேறு எங்கேயாவது மாட்டியிருக்கிறீர்களா என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். ஒரு படத்தில் குத்துவிளக்கின் வயிற்றில் கோணலாக இருக்கிறீர்கள். ஒன்றில் ஸ்கூட்டர் கண்ணாடியில் அரைக் காது. நான்கு வயது விஷாகா மாமல்லபுரத்துக் கல் யானை பக்கத்தில் நின்று அதைவிடப் பெரிதாக முறைக்கிறாளே, பத்திரிகையில் வந்து உங்களுக்கு இந்த ஊர் சுற்றும் வேலைகளையெல்லாம் வாங்கிக் கொடுத்த படம், அதிலும் இருக்கிறீர்கள். அவள் காலடி மணலில் ஒரு நிழல், முழங்கை இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு. இருபத்திரண்டு வருஷமாகக் கூடத்தில் மாட்டியிருக்கிறது, தினமும் தூசி தட்டுகிறேன், ஒருநாளும் கவனித்ததில்லை.

விஷாகா நாவலூர் ஆபீசிலிருந்து வந்தவள், என்ன தேடுகிறோம் என்று கேட்டு உதட்டைச் சுழித்தாள். ஐந்து நிமிஷத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். எனக்கும் அவளுக்கும் போட்டியே வந்துவிட்டது. மொத்தம் ஒன்பது இடத்தில் உங்களைப் பிடித்தோம். ஒன்பதையும் சேர்த்து ஒட்டினாலும் ஒரு முகம் தேறவில்லை.

கடைசியாக ஜோயல் நிச்சயதார்த்தப் படங்களைத் திறந்தான். எண்ணூறுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி. தட்டு மாற்றிய நேரத்தில் எடுத்தவை மட்டும் பதினான்கு. பதினான்கும் கலங்கல். தட்டு எது, தேங்காய் எது, கிச்சா எது என்று தெரியவில்லை. கம்ப்யூட்டரில்தான் கோளாறு என்று நினைத்தேன். "மெஷினு நல்லாத்தான் கீது மேடம். சாரு கை ஆடிக்கீது" என்றான். சொல்லிவிட்டு அவனே சங்கடப்பட்டுத் தண்ணீர் கேட்டான்.

முதுமலையில் யானை துரத்தியபோது ஓடும் ஜீப்பிலிருந்து எடுத்த படத்தில் யானையின் கண்பீளைகூடத் தெரிகிறது. அந்தக் கை நம் வீட்டுக் கூடத்தில் ஏன் ஆடியது? சாஸ்திரிகள் கூப்பிட்டது உங்கள் காதில் விழுந்ததா, இல்லையா? மூன்று தடவையும் விழுந்தது என்றுதான் நினைக்கிறேன். எழுந்து வந்தால் அத்தனை பேர் முன்னால் அழுதுவிடுவோம் என்று பயமா? மறுநாள் ஓடிப்போனதும் அதற்குத்தானா? உப்பளத்தில் கண் கலங்கினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அந்தப் பதினான்கையும் விஷாகா முதலிலிருந்து இரண்டு தடவை பார்த்தாள். இருப்பதிலேயே மோசமான ஒன்றைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்து, "அப்பாவுக்குப் பஞ்சகச்சம் கட்டத் தெரியாதேம்மா, யார் கட்டிவிடுவா?" என்று கேட்டாள். கிச்சாவுக்கு நன்றாகக் கட்டத் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். தாரை வார்க்க உட்காரப்போவது யார் என்பதைத்தான் அப்படிச் சொன்னாள்.

அத்தைக்கு உங்கள் ஆதார் அட்டைப் படத்தை அனுப்பிவிட்டேன். அதில் நீங்கள் போலீசிடம் அகப்பட்ட மாதிரி இருக்கிறீர்கள். வேறு வழியில்லை.

கல்யாணத்துக்குப் படம் எடுப்பது ஜோயல். பேசி முடித்தாகிவிட்டது, இதில் உங்களை யோசனை கேட்கவில்லை. நான்கு நாள் முன்னதாகவே வந்துவிடுங்கள். வந்ததும் கேமராப் பையை பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை நான் வைத்துக்கொள்வேன். தாலி கட்டும்போது அவள் உட்கார உங்கள் மடி வேண்டும். தாரை வார்க்க இரண்டு கையும் காலியாக வேண்டும். கை நடுங்கினால் நடுங்கட்டும். அதில் தண்ணீர் விடப்போகிறவள் நான்தான், என் கை மட்டும் ஆடாமலா இருக்கப்போகிறது?

உங்கள் வழியைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ராஜம்.