முதல் கையெழுத்து

சாய்ந்தமருது
22.05.2023

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நானும் மகள் முஸ்பிறாவும் உம்மாவும் நல்ல சுகம். உங்கள் சுகத்துக்குத் தொழுகைக்குத் தொழுகை துஆக் கேட்கிறோம். நேற்றுத்தான் போனில் முகம் பார்த்துக் கதைத்தோம், இன்றைக்குக் கடிதமா என்று சிரிக்க வேண்டாம். சாரணியர் விஷயத்தை இனிப் போனில் கதைப்பதில்லை என்று சொன்னது நீங்கள்தான். நாம் இருவரும் சத்தம் போட்டால் உம்மா தஸ்பீஹ் உருட்டுவதை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுக்கிறார். அதனால் எழுதித் தோஹாவுக்கு வருகிற சாலிஹிடம் தந்தனுப்புகிறேன்.

முதலில் உங்களுக்கு நன்றி. மகளின் அனுமதிப் படிவத்தில் நீங்கள் கையெழுத்து வைத்திராவிட்டால் கடற்கரைப் பாசறையே நடந்திராது. குழுவில் அவளோடு சேர்த்து இருபத்து நான்கு பிள்ளைகள். மற்ற இருபத்து மூன்று பேரின் வாப்பாமாரும் குழுவின் பொறுப்பாசிரியையான என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான். "டீச்சர்ர மகள் வெளியில தங்குறாவா? றிஸ்வான் கையெழுத்து வெச்சிட்டாரா?" உங்கள் கையெழுத்தைக் கண்ணால் கண்ட பிறகுதான் பக்கத்து வீட்டுக் காலிதீன் காக்காகூடப் பேனையைத் தேடினார்.

பாசறை நன்றாக நடந்தது, ஒன்றைத் தவிர. சமையல் சின்னத்துக்குப் பரீட்சை வைக்கக் காரைதீவிலிருந்து நிரோஜினி மிஸ் வந்திருந்தார். விறகு பொறுக்கி, கல் வைத்து, அடுப்பு மூட்டி, சோறும் ஒரு கறியும் ஆக்க வேண்டும். பிள்ளைகள் ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து நிற்கிற நேரம் பார்த்து ஓர் ஆட்டோ வந்து நின்றது. உங்கள் கூடப்பிறந்த சரீபா ராத்தா புரியாணிச் சட்டியோடு இறங்குகிறார். "புள்ளயள் பசி கிடக்கக்குள்ள எனக்கு எப்பிடித் தொண்டையால இறங்கும்?" என்கிறார். அவருக்குப் பின்னால் இன்னும் ஆறு ஆட்டோ, எல்லாவற்றிலும் உம்மாமார். வட்டிலப்பமும் வந்தது. அடுப்பு எரிய முதலே பிள்ளைகளின் வயிறு நிறைந்துவிட்டது. நிரோஜினி மிஸ் இருபத்து நான்கு பேருக்கும் "சமைக்கவில்லை" என்று எழுதினார். எழுதிவிட்டு அவரும் இரண்டு கிண்ணம் வட்டிலப்பம் சாப்பிட்டார்.

ஆகஸ்டில் நாவிதன்வெளியில் இரண்டு நாள் பாசறை. படிவம் இதோடு இருக்கிறது. கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

அன்புடன்,
ஸுஹைறா


தோஹா
16.06.2023

அன்பின் ஸுஹைறாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

கடிதமும் நீ அனுப்பிய தொதலும் கிடைத்தன. தொதலை அறையில் நான்கு பேர் முடித்துவிட்டார்கள், கடிதம் மட்டும் எனக்கு மிஞ்சியது. இங்கே வெயில் பல்லைக் கடிக்க வைக்கிறது.

ராத்தாவைக் கோபிக்காதே. அன்று காலை அவருக்குப் போன் எடுத்து, பிள்ளை கடற்கரையில் பட்டினி கிடக்கப்போகிறாள், ஒரு சட்டி புரியாணியாவது கொண்டுபோய்க் கொடு என்று சொன்னது நான்தான். மற்ற உம்மாமாருக்கு அவர் சொல்லுவார் என்று நான் நினைக்கவில்லை. இருபத்து நான்கு பிள்ளைகளையும் சோற்றால் தோற்கடித்தவன் உன் புருஷன். மன்னித்துக்கொள்.

நாவிதன்வெளிக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன். அதற்கு மேல் கேட்காதே. கடற்கரை வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். நாவிதன்வெளிக்கும் யாராவது மோட்டார் சைக்கிளில் ஓடிப் போகலாம். அதற்கப்பால் பிள்ளைக்கு ஒன்று என்றால் நான் லீவு கேட்டு, டிக்கெட் எடுத்து வந்து சேர மூன்று நாள். அந்த மூன்று நாளை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

உன்
றிஸ்வான்


சாய்ந்தமருது
03.09.2023

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

கள்ளன் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறான். நான் பாவம், உம்மாமாரைத் திட்டித் தீர்த்தேன்.

இந்தமுறை நாவிதன்வெளிச் சந்தியில் இரண்டு பிள்ளைகளைக் காவலுக்கு நிறுத்தினேன். ராத்தாவின் ஆட்டோவும் வந்தது. பிள்ளைகள் மரியாதையாக ஸலாம் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டு கிழமையாக ராத்தா என்னோடு கதைப்பதில்லை. ஆனால் இருபத்து நான்கு பேருக்கும் சமையல் சின்னம் கிடைத்துவிட்டது. சோறு கொஞ்சம் குழைந்ததுதான். நிரோஜினி மிஸ் அதைப் பார்க்காத மாதிரி இருந்தார்.

இனி உங்கள் மகளின் கதை. நாங்கள் கூடாரம் போட்டது அறுவடை முடிந்த வயலில். நிலம் வெடித்துக் கிடந்தது, அடித்த முளை ஒன்றும் நிற்கவில்லை. பின்னேரம் கச்சான் காற்று எழும்பி ஒரு கூடாரத்தை அப்படியே தூக்கி வாய்க்காலில் போட்டது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றேன். முஸ்பிறா போய்ப் பக்கத்து வயலில் வாடி போட்டுக் காவல் இருந்தவரிடம் வெறும் உரப்பைகளை வாங்கி வந்தாள். அவற்றில் மண்ணை நிரப்பி, முளைக்குப் பதிலாகக் கயிறுகளை அந்தப் பைகளில் கட்ட வைத்தாள். பிறகு அடித்த காற்றுக்கு ஒரு கூடாரமும் அசையவில்லை. நான் சொல்லிக் கொடுத்த வேலை இல்லை இது. பெற்ற வயிறு குளிர்ந்துவிட்டது மச்சான்.

பெப்ரவரி கடைசியில் மலைநாட்டில் ஐந்து நாள் பெரிய பாசறை. எங்கள் குழுவைத் தெரிவு செய்திருக்கிறார்கள். நம் ஊரிலிருந்து பெண் பிள்ளைகள் இதுவரை போனதில்லை. கேட்காதே என்று எழுதினீர்கள். கேட்கிறேன். படிவம் இருக்கிறது.

ஸுஹைறா


சாய்ந்தமருது
14.01.2024

அன்புள்ள மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

நான்கு மாதம் போய்விட்டது. போனில் மீன் விலை கதைக்கிறீர்கள், உம்மாவின் முழங்காலைப் பற்றிக் கதைக்கிறீர்கள். படிவத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெப்ரவரி பதினைந்துக்குள் பெயர் கொடுக்க வேண்டும். இருபத்து மூன்று வீட்டில் படிவம் வெறுமையாக உங்களுக்காகக் காத்துக்கிடக்கிறது. "றிஸ்வான் வெக்கட்டும், நானும் வெக்கிறன்" என்று காலிதீன் காக்கா மதிலுக்கு மேலால் தினமும் சொல்கிறார்.

அதை விடுங்கள், போன கிழமை நடந்ததைக் கேளுங்கள். மழை விடாமல் பெய்து வட்டை வயலெல்லாம் வெள்ளம் நிரம்பி, வயலோரத்துச் சனம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. நூறு பேருக்கு மேல். நான் போய்ச் சேரும்போது என் பிள்ளைகள் கழுத்துப்பட்டியோடு எனக்கு முதல் அங்கே நிற்கிறார்கள். ஒருவரும் கூப்பிடவில்லை. ஓர் அணி பெயர் எழுதியது, ஓர் அணி வகுப்பறைகளைக் கூட்டிப் பாய் விரித்தது, ஓர் அணி கைக்குழந்தைகளைப் பார்த்தது. முஸ்பிறா நடுவில் நின்று ஆளுக்கு ஆள் வேலை பிரித்தாள். பெரியவர்களே அவளிடம் வந்து கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஒரு பெண் தன் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று அழுதுகொண்டிருந்தார். நம்மவள் குழந்தையை வாங்கித் துடைத்து, உடுப்பு மாற்றி, மருத்துவமாதுவையும் கூட்டி வந்துவிட்டாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்து, "நீ ஆர்ர மகள்?" என்று கேட்டார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"றிஸ்வான்ட மகள். எங்கட வாப்பா தோஹாவில இரிக்கார்" என்றாள்.

டீச்சர்ர மகள் என்று சொல்லவில்லை. எனக்குக் கொஞ்சம் பொறாமைதான், மறைக்கவில்லை.

அந்தப் படிவத்தில் நானும் கையெழுத்து வைக்கலாம். பெற்றோர் என்றுதான் போட்டிருக்கிறது. உங்களை மீறி வைக்க மனம் வரவில்லை. ஓம் என்றாலும் இல்லை என்றாலும் எழுதுங்கள்.

ஸுஹைறா


தோஹா
02.02.2024

என் ஸுஹைறாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்தேன். சோறு அப்படியே இருந்தது. பிறகு நம் ஊர்ப் பொடியன்கள் மூன்று பேருக்கு, மகள் சொன்ன பதிலை மட்டும் வாசித்துக் காட்டினேன். வேலைக்குப் பிந்திப் போய் ஏச்சும் வாங்கினேன். பரவாயில்லை.

உன்னிடம் ஓர் உண்மை சொல்ல வேண்டும். மூன்று நாள், டிக்கெட், லீவு என்று எழுதினேனே, அது பாதி உண்மைதான். பதினொரு வருடமாக நான் இங்கே இருக்கிறேன். உம்மா வருத்தம் வந்து படுத்தது, கூரை மாற்றியது, மகள் வயதுக்கு வந்தது, எல்லாம் நடந்து முடிந்த பிறகுதான் எனக்குத் தெரியும். நான் இல்லாமல் நீங்கள் இருவரும் எல்லாவற்றையும் செய்யப் பழகிவிட்டீர்கள். அந்தப் படிவம் ஒன்றுதான் என் சொல்லுக்காகக் காத்துக்கொண்டு கிடந்தது. அதனால்தான் நான்கு மாதம் அதைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன். இருபத்து நான்கு பிள்ளைகளைக் காக்க வைத்து எனக்கு நானே பெரிய ஆளாக இருந்தேன். எழுத வெட்கமாக இருக்கிறது.

ஊருக்கு வருகிற ஒருவரிடம் படிவத்தைத் திருப்பி அனுப்புகிறேன். பிரித்துப் பார்த்துக் கவலைப்படாதே, நான் அதில் கையெழுத்து வைக்கவில்லை. அது நீ வைக்க வேண்டியது. அந்தப் பிள்ளைகளோடு மழையிலும் காற்றிலும் நின்றவள் நீ. உன் கையெழுத்து இருக்கிற இடத்தில் எனது தேவையில்லை.

"றிஸ்வான் வெச்சிட்டாரா?" என்று யாராவது கேட்டால், காலிதீன் தொடக்கம் எல்லா வாப்பாமாரையும் கூப்பிட்டு இருத்தி இந்தக் கடிதத்தை வாசித்துக் காட்டு. நான் வெட்கப்பட்ட இடத்தையும் விடாமல் வாசி.

உன்
றிஸ்வான்