உப்புத் தொட்டியில் மிதந்த விதைகள்

என் அன்பான அப்பாவுக்கு,

உங்கள் மரம் காய்த்தது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

பனையுமில்லை, தென்னையுமில்லை என்று குருநகர்ச் சனம் நின்று பார்க்கும் மதனகாமப்பூ மரம். முல்லைத்தீவுக் கரையில் மீன்வாடி போட்டிருந்த காலத்தில், காட்டிலிருந்து வேரோடு கிண்டி வள்ளத்தில் ஏற்றி வந்தீர்கள். அங்கே அதன் விதையைப் பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்து, நஞ்சு போக்கி, பிட்டு அவிப்பார்கள் என்றீர்கள். இங்கே ஓலை மட்டும் போனது. கோயில் வளைவுக்கு, சவப்பெட்டிச் சோடனைக்கு.

பேராதனையில் தாவரவியல் படித்துவிட்டு வந்த நான் ஒருநாள் சொன்னேன். "இது பெண் மரம் அப்பா. பக்கத்திலை ஆண் மரம் இல்லாட்டி விதை முளைக்காது."

அதைக் கேட்டதும் நீங்கள் மறுபடி அந்தக் காட்டுக்குப் போனீர்கள். பங்களாத் தோட்டங்களுக்கென்று யாரோ மரங்களைக் கிண்டி லொறியில் ஏற்றிப் போனபின், அங்கே பெரும்பாலும் குழிகளே மிஞ்சியிருந்தன.

"நானும் ஒண்டு கிண்டினவன்தானே. ஒண்டையாவது திருப்பி வைக்கவேணும்" என்றீர்கள்.

மிஞ்சிய ஆண் மரமொன்றின் மகரந்தக் கூம்பைச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள். என்ன நாற்றம்!

"அண்ணை, சாக்குக்குள்ளை போன கிழமைத் திருக்கையோ?" என்று துறையில் சிரித்தார்கள்.

"மாப்பிள்ளையடா!"

ஏணி வைத்து, மகரந்தத்தை நீங்களே தட்டினீர்கள்.

காய் பழுக்குமுன் உங்களுக்கு நெஞ்சுவலி வந்தது. உங்கள் பெட்டிக்கு ஓலை வெட்டக் கத்தியோடு வந்தவர்களை அம்மா மறித்தார். "காய் நிக்குது. தொடாதேங்கோ."

பிறகு காய்கள் விழுந்தன. நல்ல விதை தண்ணீரில் அமிழும், வெறும் விதை மிதக்கும் என்று அம்மாவிடம் சொன்னேன். கைக்கு எட்டிய தொட்டியில் கொட்டினார். எல்லாமே மிதந்தன.

நான் வாரி எறியப் போனேன். அம்மா நனைந்த விரலை முகர்ந்தார்.

"பொறு பிள்ளை. உது பாரை மீனுக்கு உப்புப் போட்ட தண்ணி. உதுக்குள்ளை நானும் மிதப்பன்."

நல்ல தண்ணீர் மாற்றினோம். மூன்று விதைகள் அமிழ்ந்தன. நீங்கள் போனபின் அன்றுதான் இருவரும் சிரித்தோம்.

ஒன்று முளைத்துவிட்டது, அப்பா. பழைய மீன்கூடையில். ஒற்றை ஓலை, இன்னும் சுருள் விரியாமல்.

நான் படித்த ஒரு வரியை நம்பி முல்லைத்தீவு வரை போனவருக்கு எப்படி நன்றி சொல்வது?

மாரி தொடங்கியதும் கொண்டுபோகிறேன். நீங்கள் கிண்டிய குழி இன்னும் இருக்குமா? தூர்ந்திருந்தாலும் அந்த இடத்தில்தான் நடுவேன். இந்த முறை வள்ளம் போகும்போது மரம் இருக்கும். திரும்பும்போது இருக்காது.

உங்கள் மூத்த மகள்