மகள் பேரில் எழுதிய கொழும்பு வீடு

உங்கள் மூத்த பேரன் எஞ்சினியர் படிப்புக்கு எடுபட்டிருக்கிறான். அவனுடைய தங்கை அட்டாளைச்சேனைக் கலாசாலையில் ஆசிரியப் பயிற்சிக்குப் போகிறாள். கொழும்பில் இருக்கும் நம் இளையவளின் மகன் வகுப்பில் முதலாம் பிள்ளை. அவன் தங்கை குர்ஆன் ஓதி முடித்துவிட்டாள். இங்கே அக்கம்பக்கத்துக்கெல்லாம் நான்தான் மஸ்கத் அல்வா பங்கிட்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்த காலத்தில் பொறுக்கவில்லை, இப்போதாவது.

இளையவள் கொழும்பு வீட்டுக் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டாளாம். பழைய பூட்டின் திறப்பை மருமகனிடம் கொடுத்தனுப்பியிருக்கிறாள். கையில் வைத்திருந்தால் பித்தளை வாசம் ஒட்டிக்கொள்கிறது. கொழும்பிலிருந்து வந்து நீங்கள் கழற்றிப் போடும் சட்டைப் பையிலும் இதே வாசம்தான் இருக்கும்.

நம் தறியில் நெய்த சாரன் பொதிகளோடு கொழும்புக்குப் போய், யார் யாருடைய வீட்டிலோ படுத்தெழும்பி அலுத்துத்தான் அந்தக் கூட்டுறவுச் சங்கத்தில் சேர்ந்தீர்கள். சங்கம் தொடர்மாடி கட்டியது. நமக்கும் ஒரு வீடு வந்தது. மூத்தவளுக்குக் கல்முனை வீட்டை எழுதியாகிவிட்டது, ஆகவே இது இளையவளுக்கு என்று நேரே அவள் பேரில் உறுதிப் பத்திரம் முடித்தீர்கள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. நம் பக்கத்தில் வீடு என்றால் பெண்பிள்ளைக்குத்தானே. அதில் கேட்க என்ன இருக்கிறது?

சூறாவளி அடித்த மறுவருஷம் இறைவரிக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. சங்கத்துக்கு மாதாமாதம் கட்டிய பராமரிப்புக் காசு முழுவதையும் வருமானத்தில் கழித்திருந்தீர்கள், அதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள். கணக்குப் பார்க்கும் ஐயா வீட்டுக்கு வந்தார். நான் திரைக்கு இந்தப் பக்கம் தேத்தண்ணீரோடு நின்றேன்.

"முதலாளி, இதை முழுசாக் கழிக்க ஏலா. இந்தக் காசுக்குள்ள சங்கம் எடுத்த கடன்ட வட்டி கிடக்கு, மாநகரசபைக்குக் கட்டுற சோலைவரி கிடக்கு, காவல்காரன்ட சம்பளம் கிடக்கு, படி கூட்டுற காசும் கிடக்கு. வட்டியிலயும் சோலைவரியிலயும் உங்கட வீட்டுப் பங்கைக் கேட்டுப் பாக்கலாம். காவலும் கூட்டுறதும் இருக்கிற ஆள்ட சொந்தச் செலவு."

"எல்லாம் ஒரே காசாத்தானே ஐயா கட்டுறன்?"

"உங்கட கலியாண வீட்டுல சஹன்ல இருந்து தின்ட ஆள் நான். ஆறு பேருக்கும் ஒரே தட்டம்தான். அதுக்காக மத்தவன்ட முன்னுக்குக் கிடக்கிற இறைச்சியில கை வைக்கிறதா?"

நீங்கள் சிரித்தீர்கள். அவர் அடுத்ததைக் கேட்டதும் சிரிப்பு நின்றது.

"வீடு ஆருட பேர்ல?"

"மகள்ட பேர்ல. வேற ஆருட பேர்ல எழுதுற?"

"அப்ப அந்தப் பங்கையும் நீங்க கழிக்க ஏலா. கட்டுறது ஆரெண்டாலும், வீட்டுச் சொந்தக்காரர்தான் கழிக்கலாம். மகளுக்கு வருமானம் இருக்கா?"

"பெருநாள் காசு வரும்."

உறுதியை உங்கள் பேருக்கு மாற்றினால் இனி வரும் வருஷங்களிலாவது அந்தப் பங்கைக் கேட்கலாம் என்றார். தறிக்கொட்டிலின் கூரை ஓடுகளைச் சூறாவளி கொண்டுபோயிருந்தது. ஓடு போட வைத்திருந்த காசு இந்த வரிக்குப் போகப்போகிறது. இளையவளுக்கோ அப்போதுதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம்.

"இஞ்ச பாருங்க," என்றேன் திரைக்குள்ளிருந்து. "நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்து வீடு எங்க எண்டு கேட்டா, வரிக்காரனுக்காகத் திருப்பி வாங்கிட்டம் எண்டு நீங்களே சொல்லுங்க. நான் சொல்ல மாட்டன்."

"பொறு புள்ள, நான் இன்னும் வாயே திறக்கல்ல."

கையை நீட்டித் தேத்தண்ணீரை வாங்கி ஐயாவுக்குக் கொடுத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "வேணாம் ஐயா. வீடு பிள்ளைட. வரியை நான் கட்டுறன்."

கட்டினீர்கள். அடுத்த மாரி முழுவதும் தறிகள் தென்னோலைக் கிடுகுக்குக் கீழேதான் ஓடின. ஒழுக்குக்குச் சட்டி வைத்தே என் கை அலுத்தது. சங்கத்துக் காசையும் ஒரு மாதம் தவறாமல் கட்டினீர்கள், மௌத்தாகும்வரை. அதற்காகத் திரும்ப ஒரு சதமும் கழித்துக் கேட்கவில்லை.

இப்போது அவளுக்கு வங்கியில் உத்தியோகம். சங்கத்துக் காசை அவளே கட்டுகிறாள், வரிக் கணக்கையும் அவளே எழுதுகிறாள். வட்டியிலும் சோலைவரியிலும் தன் பங்கை மட்டும் கேட்டாளாம், கொடுத்தார்களாம். "காவல்காரன்ட சம்பளத்தையும் சேத்துப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டேன். "உம்மா, அது அடுத்தவன்ட இறைச்சி" என்றாள். அன்றைக்கு அவளும் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள் போலும்.

திறப்பை என் முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறேன். அது இனி எந்தக் கதவையும் திறக்காது, இருக்கட்டும். அந்த வாசலில் நின்று நீங்கள் எடுத்துக்கொண்ட போட்டோவும் என்னிடம் உண்டு. அதில் ஒரு குறை: கதவில் இருக்கிற அவள் பேர்ப்பலகையை உங்கள் தோள் மறைக்கிறது. மருமகன் திரும்பும்போது மகளுக்கு இரண்டு வரி எழுதிக் கொடுத்துவிட்டேன்: பிள்ளைகளை ஓரமாக நிற்கவை, பேர் முழுசாகத் தெரியட்டும், புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு மகள்.