தாலிக்கொடியும் கவுன்சில் தீர்மானமும்

1978 ஜூன் 8, வியாழன். டூங்கபி, சிட்னி

இன்றும் லொறேனோடு கார் பழகப் போனேன். பின்பக்கமாக நிறுத்துவது இன்னும் சரிவரவில்லை, தபால்பெட்டியில் இடித்துவிட்டேன். அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். அடுத்த வீட்டு டொறீனின் மகள். இருபத்துமூன்று வயது, வேலை இல்லை, பொறுமை மட்டும் தாராளம். இவர் பழக்கினால் ஐந்தாவது நிமிடம் சண்டை வரும். 'நீர் பிரேக்கை மிதிக்கிறதைப் பார்த்தால் கரப்பானை மிதிக்கிற மாதிரிக் கிடக்கு' என்பார். ரயில்வே எஞ்சினியருக்கு வாய்க்கு மட்டும் பிரேக் இல்லை.

ஜூன் 9, வெள்ளி

வீட்டில் களவு.

வேலையால் வந்து, முழுகிவிட்டுச் சிநேகிதி கமலினி வீட்டுப் பிரார்த்தனைக்குப் போகலாமென்று வந்தேன். பின்கதவுக் கண்ணாடி நொறுங்கிக் கிடக்கிறது. ரேடியோ இல்லை. கமெரா இல்லை. தாலிக்கொடி இல்லை.

ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் இயந்திரங்களுக்குக் கிட்டச் சங்கிலி போட விடமாட்டார்கள். அதனால் வேலைநாட்களில் கழற்றி, பிள்ளையார் படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டுப் போவேன். வங்கியைவிடப் பத்திரம் என்று நம்பினேன். எனக்கு என்ன விசர்! படத்தை எடுத்துச் சுவரோடு சாத்திவிட்டு, ஆறுதலாக எடுத்துப் போயிருக்கிறான்.

பொலிஸ்காரர் 'ஒரு நெக்லஸ்' என்று எழுதிக்கொண்டார். நெக்லஸாம்!

ஜூன் 11, ஞாயிறு

மஞ்சள் துண்டு கோத்த கயிறு ஒன்றை இவர் கட்டிவிட்டார். 'இன்னொருக்காத் தாலி கட்டுறதெண்டால் சீதனமும் இன்னொருக்கா வரவேணுமே' என்று பகிடி விட்டார். சிரிப்பு வரவில்லை. அழுதுவிட்டேன். மனுசன் பயந்துபோய்த் தேத்தண்ணி போட்டுத் தந்தார்.

கமலினி தொலைபேசியில் குரலைத் தாழ்த்திச் சொல்கிறாள்: 'அக்கா, தாலி களவு போனதெண்டு வெளியில மூச்சு விடாதேங்கோ. அபசகுனம். திருத்தக் குடுத்திருக்கெண்டு சொல்லுங்கோ.' சிட்னியில் தாலி திருத்துகிற பத்தர் எங்கே இருக்கிறாராம்?

ஜூன் 15, வியாழன்

கவுன்சில் உறுப்பினர் பிரெஸ்கட் வீடு தேடி வந்தார். இந்தக் குளிருக்குள் எங்கள் பகுதியில் எத்தனையோ வீடு உடைத்துவிட்டார்களாம், எல்லாம் போதைமருந்துக்காகத்தானாம். பிடித்துக் கொடுத்தால் நீதவான் 'ஒழுங்காக இரு' என்று எழுதி வாங்கிக்கொண்டு விட்டுவிடுகிறாராம். இனி வீடு உடைத்தாலும் போதைமருந்து வைத்திருந்தாலும், முதல் தடவையானாலும், ஆறு மாதமாவது உள்ளே போட வேண்டும். அப்படிச் சட்டத்தை மாற்றச் சொல்லி மாநில அரசைக் கேட்கும் தீர்மானம் 27ஆம் திகதி கவுன்சிலுக்கு வருகிறது. களவு கொடுத்தவள் என்ற முறையில் நான் பேச வேண்டுமாம். சேலை உடுத்தி வந்தால் நல்லதாம்.

அவர் போனபிறகு இவர் கேட்டார்: 'குப்பை அள்ளுற கவுன்சிலுக்கு ஏன் இந்தச் சோலி?'

'ஆராவது கேட்கத்தானே வேணும்' என்றேன். பேசுவேன். தாலி என்றே சொல்லுவேன். நான் ஏன் ஒளிக்க வேண்டும்? களவெடுத்தவன் ஒளிக்கட்டும்.

ஜூன் 20, செவ்வாய்

பிடித்துவிட்டார்கள். லொறேன்.

ஜூன் 21, புதன்

ஹெரோயினாம். ஒன்றரை வருடப் பழக்கமாம். என் பக்கத்தில் இருந்து கியர் மாற்றச் சொல்லித் தந்த கை.

நான்தானே அவளுக்குச் சொன்னேன்! கழுத்தில் கிடக்கிறது என்ன என்று ஒருநாள் கேட்டாள். கலியாணத்தன்று கட்டியது, அவர் இருக்கும்வரை இது இருக்க வேண்டும் என்று சொன்னேன். வேலைக்குப் போகும்போது எங்கே வைப்பேன் என்றும் பெருமையாகச் சொன்னேன். எல்லாம் தெரிந்துகொண்டுதான் எடுத்திருக்கிறாள். தெரியாத கள்ளன் எடுத்திருந்தால் இவ்வளவு எரியாது. பாம்புக்குப் பால் வார்த்தனான். நாசமாய்ப் போவாள், அந்தக் கொடியை உருக்க எப்பிடி மனம் வந்தது அவளுக்கு? உருக்கிப்போட்டாங்களாம். நகரத்தில் ஏதோ கடையில் விற்ற அன்றைக்கே.

ஜூன் 24, சனி

டொறீன் வந்தாள். குசினிக் கதிரையில் இருந்து, நான் வைத்த தேத்தண்ணியைத் தொடாமல், மேசையைப் பார்த்தபடி பேசினாள். லொறேன் பிணையில் வீட்டில்தான் இருக்கிறாளாம். போன வருடமும் ஒரு வழக்கில் மன்னித்து விட்டிருக்கிறார்கள். வைத்தியம் செய்யும் விடுதி ஒன்றில் ஓகஸ்டில் ஒரு கட்டில் கிடைக்குமாம். சிறைக்குப் போனால் அது வேறு யாருக்கோ போய்விடும்.

என் முழுப்பெயர் அவள் வாயில் நுழையாது, சிவா என்றுதான் கூப்பிடுவாள். 'பேச வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை, சிவா. என் மகள் செய்தது தெரியும். அந்தக் கட்டிலைப் பற்றியும் உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் வந்தேன்.'

அவள் போனதும் வீட்டுக்குள் சும்மா அங்கும் இங்கும் நடந்தேன். உடுப்புத் தோய்த்தேன். தோய்த்ததையே திரும்பவும் தோய்த்தேன்.

ஜூன் 26, திங்கள்

போவதா, விடுவதா? இவரைக் கேட்டால் 'உம்முடைய தாலி, உம்முடைய வாய்' என்கிறார். உதவாத மனுசன்.

ஜூன் 27, செவ்வாய்

பேசினேன்.

பெயர் சொல்லவில்லை. கலியாணம், கொடி, உருக்கிய கதை எல்லாம் சொன்னேன். தீர்மானத்தை எதிர்த்த ஒரு பெண் உறுப்பினர் மரியாதையாகத்தான் கேட்டார்: 'சிறைக்குப் போனவர்கள் இன்னும் கெட்டித் திருடர்களாகத் திரும்பி வருகிறார்கள். அவளுக்கு வைத்தியம் கொடுத்தால் உங்களுக்குச் சம்மதமா?' டொறீன் சொன்ன கட்டில் நினைவுக்கு வந்தது. ஆனாலும் வாய் முந்திவிட்டது. 'என்னுடைய தாலிக்கு யார் வைத்தியம் செய்வது?' என்றேன். கைதட்டல். எனக்கு அது பிடித்திருந்தது. பொய் எழுதி என்ன பயன், மிகவும் பிடித்திருந்தது.

தீர்மானம் நிறைவேறியது. பிரெஸ்கட் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வெளியே நல்ல மழை. இவருக்கு இரவு வேலை, பஸ் இல்லை. ஒரு கார் வந்து முன்னால் நின்றது. டொறீன். கடைசி வரிசையில் இருந்து எல்லாம் கேட்டிருக்கிறாள். 'ஏறு, நனையாதே' என்றாள். இறங்கும்போது 'நன்றாகப் பேசினாய்' என்றாள். குத்திச் சொல்லவில்லை, உண்மையாகத்தான் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

ஜூலை 5, புதன்

உள்ளூர்ப் பத்திரிகையில் என் படம். இப்போது பிரார்த்தனைக்கு வருகிற எல்லாருக்கும் தெரியும். ஊர்வாயை மூட உலைமூடி ஏது? கமலினி மட்டும் 'சாறி நல்ல வடிவு அக்கா' என்றாள்.

ஓகஸ்ட் 1, செவ்வாய்

ஆறு மாதம்.

லொறேன் குற்றத்தை ஒப்புக்கொண்டும் ஆறு மாதம். 'இந்தப் பகுதி மக்களின் கவலையையும் கருத்தில் எடுத்தேன்' என்று நீதவான் சொன்னாராம். இவர் வந்து சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, 'சட்டம் இன்னும் மாறேல்லையப்பா. அவள் ரெண்டாந்தரம் பிடிபட்டவள், எப்பிடியும் உள்ள போட்டிருப்பினம். கவுன்சில் தீர்மானம் வெறும் கடதாசி' என்றார்.

வெறும் கடதாசி என்றால் நான் எதற்காக அங்கே எழும்பி நின்று பேசினேன்? வெறும் கடதாசி இல்லை என்றால்?

கேட்டது கிடைத்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டும். இருந்து பார்க்கிறேன், வருகுதில்லை.

ஓகஸ்ட் 12, சனி

காலையில் டொறீன் காரில் ஏறி ஸ்டார்ட் பண்ணினாள். கார் நகரவில்லை. கனநேரத்துக்குப் பிறகு நிறுத்திவிட்டு இறங்கி உள்ளே போய்விட்டாள். போன சனியும் இப்படித்தான் செய்தாள். சிறையில் மகளைப் பார்க்கத் தனியே போகத் துணிவில்லை.

யன்னலடியில் நின்று பார்த்தேன். எனக்குக் கோபம் இன்னும் போகவில்லை, போகப்போவதுமில்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு போய் அவள் கதவைத் தட்டினேன். 'நானும் வருகிறேன்' என்றேன்.

லொறேன் மெலிந்துவிட்டாள். தாயிடம் ஏதேதோ பேசினாள், என் பக்கம் பார்க்கவில்லை. கடைசியில்தான் கேட்டாள்: 'அந்தப் படத்தை மெதுவாகத்தான் இறக்கி வைத்தேன். உடையவில்லையே?'

அடிக்கலாம் போல இருந்தது. அழலாம் போலவும் இருந்தது. 'உடையவில்லை' என்றேன்.

ஓகஸ்ட் 30, புதன்

பிரெஸ்கட் தொலைபேசி எடுத்தார். பக்கத்துக் கவுன்சில்களும் அதே தீர்மானத்தைக் கொண்டுவரப் போகின்றனவாம், நல்ல உற்சாகத்தில் இருந்தார். வருகிற சனிக்கிழமை கடைத்தெருவில் கூட்டம். அந்தத் தாலிக் கதையை நான் இன்னொரு தடவை சொன்னால் போதுமாம்.

சனிக்கிழமை முடியாது, சிறையில் ஒருவரைப் பார்க்கப் போக வேண்டும் என்றேன்.

'யாரை?'

'என் வீட்டை உடைத்தவளை.'

கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றலாமா என்று கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமையும் வரமாட்டேன் என்றேன்.