பேரங்காடி வாசலில்

அன்புத் தங்கை ரமணிக்கு,

நாம் ஜெயித்துவிட்டோம். அந்தப் பேரங்காடியின் புதுக் கிளை நம் சந்தைக்கு எதிரே வராது. மாநகர் கழகம் அனுமதி மறுத்துவிட்டது.

செய்தி கேட்டதும் காய்கறிக்கடை மோகனராஜ் அண்ணன் எல்லோருக்கும் தேநீர் சொன்னார். “அந்த கேஷியர் பொண்ணு கழகக் கூட்டத்துல எழுந்து, அவங்க கடைக்குள்ள நடக்கிறத சொன்னதாலதான் நம்மள நம்பினாங்க லா,” என்றார்.

“அவள வேலைய விட்டு எடுத்துட்டாங்க அண்ணே. இப்ப நாம அவளுக்காக நிக்கணும்,” என்றேன்.

“பாவம் லா. ஆனா அது கம்பெனி விஷயமாச்சே, தங்கச்சி.”

தேநீரைக் குடித்துவிட்டு அவரவர் கடைக்குப் போய்விட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என் மளிகைக்கடையை மூடிவிட்டு அக்கரைக்கு ஃபெர்ரி ஏறினேன். பட்டர்வொர்த்தில் நீ வேலை பார்த்த கிளையின் வாசலில், ‘ரமணிக்கு வேலையைத் திருப்பிக் கொடு’ என்று எழுதிய அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தள்ளுவண்டியோடு வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். காவலாளி வந்து, “மத்தவங்க எங்க அக்கா?” என்று கேட்டார்.

“வருவாங்க,” என்றேன். மதியம் வரை யாரும் வரவில்லை.

நீ என் போனை எடுப்பதில்லை. பரவாயில்லை. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அங்கே இருப்பேன். என்னோடு பேச வேண்டாம். தூரத்தில் நின்று ஒருமுறை பார்த்துவிட்டுப் போ, போதும்.

உன்னை அன்று பேசச் சொன்ன
அக்கா