டாக்டர் கொடுத்த டப்பா

மார்ச் 4

காலை ஆறு மணிக்கு என் மனைவியின் போனில் அலாரம். கருத்தடை மாத்திரை நேரம். நான்கு வருடமாக ஒரு நாள் தவறவில்லை. சின்னவள் பிறந்தபோது அவளுக்கு ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. இன்னொன்று உண்டானால் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். மாத்திரை சாப்பிட்டால் தலைவலி. நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறாள். நானோ குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு மூன்று முறை தேதி வாங்கி, மூன்று முறையும் டிமிக்கி கொடுத்த வீரன்.

மார்ச் 11

முடிந்தது. இருபது நிமிடம்தான். மரத்துப்போக ஒரு ஊசி, சுருக்கென்றது. பல் பிடுங்கியது இதைவிட வேதனை.

உடனே நம்பிவிடக் கூடாது என்றார் டாக்டர். மூன்று மாதம் கழித்து விந்தைச் சோதித்து, உயிரணு இல்லை என்று உறுதியான பிறகுதான் அவள் மாத்திரையை நிறுத்தலாமாம். அதற்காக மூடி போட்ட ஒரு சின்ன டப்பாவும் கொடுத்தார். தலையாட்டினேன்.

மார்ச் 13

ஐஸ் கட்டியைத் துண்டில் சுற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அப்பாவுக்கு எங்கே அடி என்று சின்னவள் விடாமல் கேட்கிறாள். வழுக்கி விழுந்துவிட்டேன் என்றேன். அவள் அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

ஏப்ரல் 2

பயந்தது எதுவும் நடக்கவில்லை. ஆசையும் பழையபடி, மற்றதும் பழையபடி. "இதுக்கா நாலு வருஷம் பயந்தீங்க?" என்று காதோரம் கேட்டாள். அசடு வழிந்தேன்.

ஜூன் 12

டப்பாவோடு லேப் வாசல்வரை போனேன். கவுண்டரில் பெரியவளின் சிநேகிதியுடைய அம்மா. வாரா வாரம் பள்ளி வாசலில் பார்க்கிற முகம். அவர் கையில் போய் இதையா கொடுப்பது? பைக்குள் ஆழமாகத் தள்ளிக்கொண்டு திரும்பிவிட்டேன்.

வீட்டில் கேட்டாள். "எல்லாம் சரியாயிடுச்சாம், மாத்திரைய நிறுத்திடு." வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு எப்படித் திருத்துவது? மூன்று மாதம் ஆயிற்றே - சரியாகத்தான் இருக்கும்.

ஜூன் 30

அவளுக்குத் தலைவலியே இல்லை. பாத்திரம் தேய்க்கும்போது பாடுகிறாள்.

ஜூலை 19

ஒன்பது நாள் தள்ளிப் போயிருக்கிறது. மாத்திரையை விட்டதால் இருக்கும் என்கிறாள், சாதாரணமாக. அவளுக்கென்ன, என்னை நம்புகிறாள்.

இன்று ஒரு எட்டு மாடிக் கட்டிடத்தில் லிஃப்டுக்குக் கயிறு மாற்றினோம். ஆள் ஏறலாமா என்று காவலாளி அவசரப்படுத்தினார். "காலியா இருபது தடவை ஓட்டிப் பாக்காம ஒருத்தரையும் ஏத்த மாட்டேன்" என்றேன். லிஃப்ட் மெக்கானிக்காகப் பதினைந்து வருடமாக நான் சொல்லும் வசனம். முகம் தெரியாதவர்கள் ஏறும் பெட்டிக்கு இருபது தடவை. இவளை மட்டும் ஒரு தடவைகூடச் சோதிக்காமல் ஏற்றிவிட்டேனே.

இவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்? ரெண்டு பொண்ணுங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?

ஜூலை 20

சொல்லிவிட்டேன். துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. கடைசிச் சட்டைவரை மடித்து வைத்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அந்தம்மா பாத்தா உங்க மானம் போயிடும். என் உசுரு போனா பரவால்லயா?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நான் அழுதேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் தொடவில்லை.

ஜூலை 21

குளியலறைக் கதவைத் திறந்து, "வந்துடுச்சு" என்றாள். அவ்வளவுதான். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

ஜூலை 23

டப்பாவோடு போனேன். அவளும் கூட வந்தாள், ஆனால் வாசலிலேயே நின்றுகொண்டாள். அதே அம்மாள். எதற்கு டெஸ்ட் என்று கேட்டார். குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் பண்ணியிருக்கிறேன் என்றேன். டப்பாவை வாங்கி, சீட்டு ஒட்டி, பெயர் எழுதினார்.

"எங்க வீட்டுக்காரர் எட்டு மாசம் கழிச்சுத்தான் கொண்டுவந்தாரு. நீங்க தேவல."

ஜூலை 25

ரிப்போர்ட் வந்தது. ஒன்றுகூட இல்லை. இனிப் பயமில்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். என் வாயை நம்பாமல், தாளைத் தானே வாங்கி இரண்டு முறை படித்தாள். நியாயம்தான்.

ஜூலை 26

காலை ஆறு மணிக்கு அலாரம். அவள் போனில் இல்லை, என் போனில். எப்போது வைத்தாள் என்று தெரியவில்லை. அணைத்துவிட்டுப் புரண்டு படுத்தேன். கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "நாலு வருஷம் நான் எழுந்தேன். இனிமே அந்த நேரத்துக்கு நீங்க எழுந்து எனக்கு டீ போடுங்க."

எழுந்தேன். டீயில் சர்க்கரை அதிகம். என் தோளில் சாய்ந்துகொண்டு முழுவதையும் குடித்தாள்.