நடு முதுகில் மூன்று உண்ணி

அன்புள்ள குட்டியின் அப்பாவுக்கு,

நானும் குட்டியும் சுகம். அத்தைக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீங்கள் காட்டு வேலைக்குத் திரும்பி ஒன்பது நாளாகிறது. மறுபடி தடிப்பு எதுவும் வரவில்லையே?

லீவில் வந்த அன்றே, மத்தியானம் நான் ஆக்கிப் போட்ட ஆட்டுக்கறியைச் சாப்பிட்டுவிட்டு, சாயங்காலம் முகம் வீங்கி, மூச்சுத் திணறி விழுந்தீர்களே, அது கண்ணைவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்லோர் முன்னாலும் அத்தை, "என்னத்தடி போட்டு ஆக்கினே?" என்று கேட்டார்கள்.

டாக்டரம்மாதான் என்னைக் காப்பாற்றினார். உண்ணி கடித்தால் சிலருக்கு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி ஆகாமல் போய்விடுமாம். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத்தான் வேலையைக் காட்டுமாம். பழி போயிற்று என்று நிமிர்ந்தேன். உடனே அவர் உங்களிடம், "எங்க கடிச்சுது?" என்றார். "நடு முதுகுல, மூணு இடம். கூட வேலை பாக்கறவங்கதான் பிடுங்கி எடுத்தாங்க" என்றீர்கள்.

அந்தக் காட்டில் உங்களோடு எல்லை அளக்க வந்திருப்பது அந்த வரைபடக்காரி ஒருத்திதானே?

பதினொரு வருஷமாக உங்களுக்குச் சட்டை தைக்கிறேன். அந்த முதுகின் அகலம் டேப் இல்லாமலே எனக்குத் தெரியும். அதில் மூன்று தழும்பு இருப்பதை மட்டும் டாக்டரோடு சேர்ந்து நானும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று. வயிறு எரிகிறது, மறைப்பானேன்? நேற்று உங்கள் நீலச் சட்டையின் முதுகுத் தையலை ஒரே இழுப்பில் பிரித்துப் போட்டேன். குட்டி, "அப்பா சட்டைய ஏம்மா கிழிக்கறே?" என்று கேட்டாள். உட்கார்ந்து திரும்பத் தைத்தேன்.

இன்று அலமாரியைத் திறந்தால் அவசர ஊசி ஒன்று கிடக்கிறது. டாக்டரம்மா கொடுத்த இரண்டு ஊசியையும் கூடவே வைத்திருக்கச் சொன்னாரே, ஒன்றை விட்டுப் போயிருக்கிறீர்கள். பார்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்களுக்கு மூச்சு முட்டினால் ஆஸ்பத்திரி மூன்று மணி நேரத் தூரம். நான் அதைவிடத் தூரம்.

அதனால் இந்த ஊசியை அந்த வரைபடக்காரியிடமே கொடுத்துவிடுங்கள். மூடியைக் கழற்றி, தொடையின் வெளிப்பக்கம், கால்சட்டைக்கு மேலேயே அழுத்திப் பிடிக்க வேண்டும். சொல்லிக் கொடுங்கள். அந்த நேரத்தில் கை நடுங்கக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டதாகவும் சொல்லுங்கள்.

நல்லபடியாக வந்து சேருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி